யத்தீம் என்றால் அநாதையா?



சில ஆண்டுகளுக்கு முன்பு என் கைப்பட ஒரு பொய்ச் சான்றிதழ் எழுதிக் கொடுத்தேன். எழுதும்போது அது பொய் என்று எனக்குத் தோன்றவில்லை. நன்மையான காரியம் ஒன்றைச் செய்கிறோம் என்ற மனநிறைவோடுதான் கையெழுத்திட்டேன். அதை உங்களிடம் ஒளிக்காமல் சொல்லிவிட்டு மேலே செல்ல விரும்புகிறேன்.

மக்தபில் என்னிடம் ஓதிக்கொண்டிருந்த ஒன்பது வயதுச் சிறுவன் அவன். தகப்பனார் சவூதியில் ஓட்டுநராக இருந்தவர். ஒரு நாள் இரவு மாரடைப்பால் அங்கேயே மவுத்தானார். ஜனாஸாவும் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டது. மனைவிக்கும் மக்களுக்கும் கடைசியாக முகம் பார்க்கும் வாய்ப்பும் கிட்டவில்லை. பையனுக்கு மூன்று வயதில் ஒரு தங்கை இருந்தாள். வாடகை வீடு. தாயாருக்கு இத்தா முடிந்ததும் ஜமாஅத்துப் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். பக்கத்து மாவட்டத்தில் ஒரு யத்தீம்கானா இருக்கிறது. சாப்பாடு, துணி, பள்ளிப் படிப்பு எல்லாம் இலவசம். குர்ஆனும் மனனம் செய்துவிடுவான் என்றார்கள். எல்லோருக்கும் நல்ல எண்ணம்தான். சேர்ப்பதற்கு உஸ்தாதின் சான்று ஒன்று தேவைப்பட்டது. “மேற்படி மாணவன் ஆதரவற்ற அநாதை என்று சான்றளிக்கிறேன்” என்று எழுதினேன். அந்தக் காகிதத்தை என் கையிலிருந்து வாங்கிச் சென்றவர் அவனைப் பெற்ற தாய்!

அநாதை என்று நான் எழுதிக் கொடுத்த பிள்ளையின் தாய் என் கண்ணெதிரே நின்றுகொண்டிருந்தார். எழுதிய எனக்கும் உறைக்கவில்லை. வாங்கிய அவருக்கும் உறைக்கவில்லை.

அடுத்த ரமலான் விடுமுறைக்குப் பையன் ஊருக்கு வந்தான். பெருநாள் கழிந்த இரண்டாம் நாள் அந்தத் தாய் மதரஸா வாசலில் வந்து நின்றார். “ஹஜ்ரத், எம்புள்ள எங்கிட்டயே தண்ணி குடிக்கலாமான்னு கேட்டுட்டுக் குடிக்கிறான். சோறு இன்னும் கொஞ்சம் போடுன்னு கேக்க மாட்டேங்கிறான். அவன் வீட்டுலயே விருந்தாளி மாதிரி உக்காந்திருக்கான்” என்று சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். யாரும் அவனை அடிக்கவில்லை, பட்டினி போடவுமில்லை. ஒழுங்காகத்தான் வளர்த்திருக்கிறார்கள். அந்த ஒழுங்கைத்தான் அவன் தன் வீட்டுக்கும் கொண்டுவந்திருந்தான். தங்கைப் பிள்ளை அவனைக் கண்டு தாயின் பின்னால் ஒளிந்துகொண்டதாம்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. எங்கே தவறினோம் என்று யோசித்தபோது, ஒரு சொல்லில்தான் தவறியிருக்கிறோம் என்று தெரிந்தது.

சொல்லில் நேர்ந்த பிழை

அரபியில் ‘யத்தீம்’ என்றால் பருவமடையும் முன்பே தந்தையை இழந்த பிள்ளை. தாயைப் பற்றிய பேச்சே அந்தச் சொல்லில் இல்லை. தாய் இருப்பார், தாயின் தாய் இருப்பார், மாமன்மார் இருப்பார்கள், பெரிய வாப்பாவும் சாச்சாவும் இருப்பார்கள். இருந்தும் அவன் யத்தீம்தான். ‘அநாதை’ என்பதோ நாதன் இல்லாதவன், கேட்பாரற்றவன் என்று பொருள்படும் வடசொல். நம் மொழிபெயர்ப்புகளும் மேடைப் பேச்சுகளும் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டன. அதன் விளைவைச் சற்றுச் சிந்தித்துப் பாருங்கள்! யத்தீமைப் பேணுங்கள் என்று மார்க்கம் சொன்னால், தந்தையை இழந்த பிள்ளை வாழும் வீட்டைத் தாங்கிப் பிடியுங்கள் என்று நம் காதில் விழ வேண்டும். நமக்கோ, கேட்பாரற்ற பிள்ளையை எடுத்துக்கொண்டுபோய் ஓரிடத்தில் சேருங்கள் என்று விழுகிறது. அந்தப் பிள்ளைக்காகக் கண்ணீர் விடுகிற நாம் அவனுடைய தாயை மறந்துவிடுகிறோம்.

யத்தீம்கானாக்கள் கூடாது என்று நான் சொல்ல வருவதாக யாரும் எண்ணிவிட வேண்டாம். அவை தோன்றிய வரலாற்றைப் பார்த்தால் அவற்றின் தேவை புரியும். அண்டை மாநிலமான கேரளத்தில், 1921 மலபார்க் கிளர்ச்சியில் குடும்பம் குடும்பமாக அழிந்துபோனபோது எஞ்சிய பிள்ளைகளுக்காக 1922இல் கோழிக்கோட்டில் ஜே.டி.டி. இஸ்லாம் யத்தீம்கானா உருவாயிற்று. 1943இல் காலரா மலபாரைச் சூறையாடியபோது திரூரங்காடி யத்தீம்கானா எழுந்தது. வீடே இல்லாமற்போன பிள்ளைக்கு அவை வீடாயின. அந்த முன்னோர்களின் கபுருகளை அல்லாஹ் ஒளிமயமாக்குவானாக! ஆனால், வாடகை கொடுக்க முடியாமல் தவிக்கும் ஒரு விதவையின் மகனுக்கும் அதே மருந்தைக் கொடுப்பது எவ்வகையில் நியாயம்? அந்த வீட்டில் குறைவாக இருந்தது பணம். பணம் இல்லாத இடத்திலிருந்து நாம் பிள்ளையை எடுத்தோம்.

பெருமானார் காட்டிய வழி

அண்ணல் நபி (ஸல்) அவர்களே யத்தீமாகப் பிறந்தவர்கள் என்பதை எல்லா மீலாது மேடைகளிலும் கேட்கிறோம். யார் யார் கைகளில் வளர்ந்தார்கள் என்பதை அவ்வளவாக எடுத்துச் சொல்வதில்லை. ஆறு வயது வரை தாயார் ஆமினா அம்மையார். அவர்கள் அப்வா என்னுமிடத்தில் காலமானபோது, பிள்ளையின் கையைப் பிடித்து மக்காவுக்கு அழைத்து வந்தவர் பணிப்பெண் உம்மு அய்மன் (ரலி). பிறகு எட்டு வயது வரை பாட்டனார் அப்துல் முத்தலிப். அதன்பின் பெரிய தந்தை அபூதாலிபும் அவர்தம் துணைவியார் பாத்திமா பின்த் அஸத் (ரலி) அவர்களும். அபூதாலிப் செல்வந்தரல்லர், பிள்ளைகளும் அதிகம். ஆயினும் ஒரு கை தளர்ந்ததும் மறுகை நீண்டது. அத்தனையும் உறவுக் கைகள்.

அந்தக் கடனை நபிகளார் மறக்கவில்லை. பின்னாளில் மக்காவில் பஞ்சம் வந்து அபூதாலிப் தளர்ந்தபோது, அலீ (ரலி) அவர்களைத் தாம் வளர்க்க எடுத்துக்கொண்டார்கள். ஜஅஃபர் (ரலி) அவர்களைச் சிறிய தந்தை அப்பாஸ் (ரலி) ஏற்றுக்கொண்டார்கள். பிள்ளைகள் அதே ஊரில், தகப்பன் நாளும் பார்க்கும் தூரத்தில்தான் வளர்ந்தார்கள். சுமையைப் பகிர்ந்துகொண்டார்கள், குடும்பத்தைப் பிரிக்கவில்லை.

அந்த ஜஅஃபர் (ரலி) அவர்களின் வாழ்வில் நடந்த இரண்டு நிகழ்ச்சிகள் நம் பேசுபொருளுக்கு மிக நெருக்கமானவை. ஹிஜ்ரி 7ஆம் ஆண்டு உம்ராவை முடித்து நபிகளார் மக்காவை விட்டுப் புறப்படும் வேளை. உஹதுப் போரில் ஷஹீதான ஹம்ஸா (ரலி) அவர்களின் சின்னஞ்சிறு மகள் நபிகளாரைச் சிறிய தந்தையே என்று கூப்பிட்டபடி பின்னால் ஓடி வருகிறாள். அந்தப் பிள்ளையை யார் வளர்ப்பது என்று மூவருக்குள் போட்டி! என் சிறிய தந்தையின் மகள் என்கிறார் அலீ (ரலி). எனக்கும் அதே உறவு. அதோடு என் மனைவி அவளுக்குத் தாயின் சகோதரி என்கிறார் ஜஅஃபர் (ரலி). என் மார்க்கச் சகோதரரின் மகள் என்கிறார் ஜைத் (ரலி). தாயின் சகோதரி தாயின் இடத்தில் இருப்பவர் என்று கூறி, ஜஅஃபருடைய வீட்டுக்கே நபிகளார் தீர்ப்பளித்ததாக புகாரியில் காண்கிறோம். நம் ஊர்களில் யத்தீம் பிள்ளையை முன்னிட்டு உறவினர் மூவர் வழக்காடியதுண்டா? உண்டு, சொத்து இருந்தால்!

அடுத்த ஆண்டே மூத்தா போரில் ஜஅஃபர் (ரலி) ஷஹீதானார்கள். நபிகளார் அவர்கள் வீட்டுக்கு நேரில் சென்றார்கள். பிள்ளைகளை அழைத்து அணைத்துக்கொண்டு கண்ணீர் வடித்தார்கள். அந்த வீட்டாருக்கு உணவு சமைத்து அனுப்பும்படி மற்றவர்களிடம் சொன்னார்கள். தாயார் அஸ்மா (ரலி) பிள்ளைகள் யத்தீமாகிவிட்டதைச் சொல்லிக் கலங்கியபோது, அவர்களுக்கு இம்மையிலும் மறுமையிலும் பொறுப்பாளன் நான் இருக்க வறுமைக்கு அஞ்சுவதா என்னும் கருத்தில் ஆறுதல் கூறினார்கள். பொறுப்பை ஏற்ற நபிகளார், பிள்ளைகளைத் தாயின் மடியிலிருந்து எடுத்துச் சென்றார்களா? இல்லை. உணவுதான் அந்த வீட்டுக்குச் சென்றது. பிள்ளைகள் அஸ்மா (ரலி) அவர்களிடமே வளர்ந்தார்கள். பின்னர் அபூபக்ர் (ரலி) அவர்கள் அஸ்மாவை மணந்தார்கள். விதவையின் மறுமணம் என்ற பேச்சை எடுத்தாலே பிள்ளைகளைக் காட்டி வாயடைக்கும் நம் சமூகம் இதையும் கவனிக்க வேண்டும்.

திருமறையின் 28ஆம் அத்தியாயத்தில் வரும் மூஸா (அலை) அவர்களின் குழந்தைப் பருவத்தை இந்தக் கண்ணோடு ஒரு முறை ஓதிப் பாருங்கள். ஆற்றில் மிதந்து வந்த பிள்ளை அரண்மனையை அடைகிறது. அங்கே எதற்குக் குறை? ஆயினும் எந்தச் செவிலித் தாயிடமும் அது பால் குடிக்க மறுக்கிறது. தூரத்தில் நின்று கவனித்து வந்த சகோதரி வழி சொல்ல, பிள்ளை பெற்ற தாயிடமே திரும்புகிறது. தாயின் கண் குளிர வேண்டும், அவள் துயரப்படக் கூடாது என்பதையே அல்லாஹ் அதற்குக் காரணமாகக் கூறுகிறான். பாலூட்டியதற்கு அரண்மனையிலிருந்து அந்தத் தாய்க்குக் கூலியும் கிடைத்தது என்பர் விரிவுரையாளர்கள். செலவு அரண்மனையுடையது, பிள்ளை தாயின் மடியில்! நம் பைத்துல்மால்களுக்கு இதைவிட எடுப்பான முன்மாதிரி வேறெங்கே கிடைக்கும்?

ஃபிக்ஹு நூல்களில் ‘ஹளானா’ என்றொரு பாடம் உண்டு. சிறு பிள்ளையை வளர்க்கும் உரிமை யாருக்கு என்பதை அது வரிசைப்படுத்துகிறது. முதலில் தாய், அடுத்து தாயின் தாய். கடற்கரை ஊர்களில் நாம் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபிலும் உள்நாட்டு ஊர்களின் ஹனஃபீ மத்ஹபிலும் இந்தத் தொடக்கம் ஒன்றே. அதே வேளையில் செலவுக்கான பொறுப்பு தந்தைவழி உறவினரை நாடிச் செல்கிறது. வளர்ப்பவர் ஒருவர், செலவைத் தாங்குபவர் வேறொருவர் என்னும் இந்தப் பங்கீட்டை மத்ரஸாவில் ஓதிக் கொடுக்கிற நானே, அந்தச் சான்றிதழை எழுதியபோது மறந்திருந்தேன்.

உலகம் பட்டு அறிந்தது

இதே உண்மையை உலகம் பெரும் விலை கொடுத்துக் கற்றிருக்கிறது. ருமேனியாவில் சவுஷெஸ்கு ஆட்சி 1989இல் வீழ்ந்தபோது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அரசு இல்லங்களில் அடைந்து கிடந்தனர். அவர்களில் மிகப் பலருக்குப் பெற்றோர் உயிரோடிருந்தனர்; வறுமைதான் பிள்ளைகளை அங்கே தள்ளியது. புகாரஸ்ட் நகரில் 2000ஆம் ஆண்டு தொடங்கி 136 குழந்தைகளை ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்தனர். குடும்பங்களில் வைத்து வளர்க்கப்பட்டவர்கள், இல்லத்திலேயே இருந்தவர்களைவிட அறிவிலும், பிறரோடு ஒட்டி உறவாடுவதிலும் தேறினர். இரண்டு வயதுக்கு முன் குடும்பத்தை அடைந்தவர்களே மிகவும் தேறினர்.

ஐக்கிய நாடுகள் சபை 1989இல் நிறைவேற்றிய குழந்தை உரிமை உடன்படிக்கையின் 20ஆம் பிரிவில் இஸ்லாமியச் சட்டத்தின் ‘கஃபாலா’ பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டிருப்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? வறுமை ஒன்றை மட்டும் காரணமாக்கிப் பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கலாகாது என்பதை அச்சபை 2009இல் வழிகாட்டு நெறியாகவே வெளியிட்டது. நம் நாட்டின் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டமும் இல்லத்தில் சேர்ப்பதைக் கடைசி வழியாகவே வைத்திருக்கிறது. பிள்ளைகளை வைத்துப் பேணும் நிறுவனம் எதுவாயினும் பதிவு செய்யப்பட வேண்டும் என்கிறது.

சட்டத்தோடு உதவியும் இருக்கிறது. மிஷன் வாத்சல்யா திட்டத்தில், விதவைத் தாயிடமோ உறவினரிடமோ வளரும் ஏழைப் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத் தொகைக்கு இடமுண்டு. குடும்ப ஆண்டு வருமானம் கிராமப்புறத்தில் 72,000 ரூபாய்க்கும், பிற இடங்களில் 96,000 ரூபாய்க்கும் மேற்படக் கூடாது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மனுச் செய்ய வேண்டும். தமிழக அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய ‘அன்புக் கரங்கள்’ திட்டம், பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் பேண முடியாத நிலையில் உள்ள பிள்ளைகளுக்கும் 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. ஆதரவற்ற விதவைகளுக்கான மாத உதவித் தொகை 2023இல் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

ஆனால் இவற்றைப் பெறுவதற்கு இறப்புச் சான்று, வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார், வங்கிக் கணக்கு என்று எத்தனை காகிதங்கள்! வெளிநாட்டில் இறந்தவரின் சான்றுக்குத் தூதரகம் வரை எழுத வேண்டியிருக்கிறது. நேற்று வரை கணவர் கையில் எல்லாவற்றையும் விட்டிருந்த ஒரு பெண், தாசில்தார் அலுவலக வாசலில் தனியே நின்று என்ன செய்வார்? ஜமாஅத்துகள் பெருந்தொகை எதையும் தர வேண்டாம். படித்த இளைஞர் ஒருவரையும் துணைக்கு ஒரு பெண்மணியையும் அந்தத் தாயோடு நாலு நாள் அனுப்பினால் போதும். எங்கள் ஊரில் பள்ளிவாசல் மினாராவுக்கு விளக்குப் போட மூன்று கூட்டம் போட்டார்கள். இதற்கு ஒரு கூட்டம் போடச் சொல்லி நான் பட்ட பாடு அல்லாஹ்வுக்கே தெரியும்.

பாட்டனார் செய்ய வேண்டியது

வாசகர்களில் வயதில் மூத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. பாட்டனார் உயிரோடிருக்கையில் மகன் முந்திக்கொண்டால், பாட்டனாரின் மற்ற ஆண் மக்கள் இருக்கும் நிலையில் பேரப்பிள்ளைகளுக்கு வாரிசுப் பங்கு இல்லை. இதைக் காட்டி மார்க்கத்தைக் குறை கூறுவோர் உண்டு. இதைச் சாக்காக்கி யத்தீம் பிள்ளைகளை வீதியில் விடுவோரும் உண்டு. வாரிசல்லாதவருக்கு மூன்றில் ஒரு பங்கு வரை வஸிய்யத் எழுத மார்க்கம் வாசல் திறந்து வைத்திருப்பதை இரு சாராரும் பேசுவதில்லை. எகிப்து 1946இல் இத்தகைய பேரப்பிள்ளைகளுக்கு வஸிய்யத்தைக் கட்டாயமாக்கிச் சட்டமே செய்தது. நம் நாட்டில் அப்படியொரு சட்டம் இல்லாததால், பாட்டனார் தாமாக எழுதினால்தான் உண்டு. மகனை அடக்கம் செய்த துக்கத்தில் இதைப் பேசுவது அழகா என்று தயங்கித் தயங்கியே காலம் போய்விடுகிறது. நான் சொன்ன பையனின் பாட்டனாரும் அப்படித் தயங்கியவர்தான்.

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் வீடு பெண் மக்களின் பெயரிலேயே இருக்கும். மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து வாழ்வார். அந்த வழக்கத்தின் செலவுச் சுமையைப் பற்றிச் சொல்வதற்கு நிறைய உண்டு. அது வேறு கட்டுரை. தந்தை போனாலும் பிள்ளை இருந்த வீட்டிலேயே, உம்மம்மாவின் கண் பார்வையிலேயே இருக்கிறான் என்ற நன்மையை மட்டும் இங்கே குறிக்கிறேன்.

இல்லத்தில் பிள்ளையை விட்டே தீர வேண்டிய நிலை சிலருக்கு இருக்கும். அங்கேயும் தாயைத் தள்ளி நிறுத்தலாகாது. பால்குடி மறக்கச் செய்வதைக்கூட இருவரும் கலந்து பேசி மனமொத்துச் செய்யும்படி திருமறை 2:233இல் பணிக்கிறது. பள்ளி மாற்றுவது, வைத்தியம் பார்ப்பது, ஹிஃப்ளு வகுப்பில் சேர்ப்பது ஆகியவற்றில் தாயைக் கேட்காமல் முடிவெடுக்க நிர்வாகிகளுக்கு யார் உரிமை தந்தார்கள்? வாரம் ஒரு முறை தொலைபேசி, மாதம் ஒரு முறை சந்திப்பு, தாய்க்குப் பயணச் செலவு. பெருநாள் துணியைத் தாய் தன் கையால் எடுத்துக் கொடுக்கட்டும். நன்கொடையாளர் அதற்கான பணத்தைத் தாயிடம் கொடுக்கட்டும். பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் புகைப்படம் பிடித்துக்கொண்டு துணி வழங்கும் வழக்கத்தை அருள்கூர்ந்து நிறுத்திவிடுங்கள்.

அந்தப் பையனைப் பற்றிக் கேட்பீர்கள். நானும் அவனுடைய மாமாவும் சென்று பேசினோம். நிர்வாகிகள் முகம் சுளிக்காமல் அனுப்பி வைத்தார்கள். அதை நன்றியோடு சொல்ல வேண்டும். வீட்டு வாடகையைப் பைத்துல்மால் ஏற்றது; மாமாவும் பெரிய வாப்பாவும் மளிகையைப் பகிர்ந்துகொண்டார்கள். தாயார் தையல் இயந்திரம் ஒன்றை வைத்து வீட்டிலிருந்தே சம்பாதிக்கிறார். பாட்டனார் அதற்கடுத்த ஆண்டு வஸிய்யத் எழுதினார். எல்லாம் சுலபமாக நடந்துவிட்டதாக எண்ண வேண்டாம். முதல் நான்கைந்து மாதங்கள் பையன் தாயிடம் முறுக்கிக்கொண்டே இருந்தான். என்னை ஏன் அனுப்பினாய் என்று ஒரு நாள் கேட்டேவிட்டானாம். அந்தக் கேள்விக்கு அவர் பதில் சொல்ல வேண்டியதில்லை, நான்தான் சொல்ல வேண்டும் என்று அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, சான்றிதழ் எழுதியது நான் என்று சொன்னேன். அவன் ஒன்றும் பேசவில்லை. அன்றைய பாடத்தை மட்டும் ஒப்பித்துவிட்டுப் போனான்.

எங்கள் மக்தபின் மாணவர் பதிவேட்டில் பெயர், தந்தை பெயர், வகுப்பு என்று மூன்று கட்டங்களே இருந்தன. பிள்ளை வரவில்லையென்றால் தந்தை பெயரைப் பார்ப்போம். அவர் துபாயிலோ குவைத்திலோ கபுரிலோ இருப்பார். இந்த ஆண்டு நான்காவதாக ஒரு கட்டம் கோடிட்டு, ‘வீட்டில் கவனிப்பவர்’ என்று தலைப்பிட்டேன். உம்மா, உம்மம்மா, மாமி, ராத்தா என்று அந்தக் கட்டம் நிரம்பியது. மாதத்தின் முதல் வெள்ளி அஸருக்குப் பின் அவர்கள் வந்து பிள்ளைகளின் பாடத்தைக் கேட்டுச் செல்கிறார்கள். சென்ற மாதம் வந்த ஒரு மூதாட்டிக்குக் கையெழுத்துப் போடத் தெரியவில்லை. பேரன் பக்கத்தில் நின்று மைப்பெட்டியைத் திறந்து நீட்ட, அவர் பெருவிரலைப் பதித்துவிட்டு, இனி இவன் ஓதாமல் ஓடினால் என்னிடம் சொல்லுங்கள் ஹஜ்ரத் என்றார்.